முன்சக்கரக் காற்று

முதன்முதலாகப் பேசிய டயர் நாற்பத்தோராம் நம்பர் பெட்டியில் வந்தது. அது சொன்னது இரண்டே வார்த்தை: "இங்க மழை." அந்த வருடம் இருபத்தாறு அங்குலச் சைக்கிளின் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, மணிக்கும் ஸ்டாண்டுக்கும் தனியாகக் காசு வாங்கத் தொடங்கியிருந்தார்கள், நம் ஊரில் நான்கு மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை. ஆகவே டயர் பொய் சொல்கிறது என்றுதான் கிடங்கில் எல்லோரும் நினைத்தார்கள். அது பேசியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு வெயில் ஏற ஏற என்னென்னவோ கேட்கும். அதற்கெல்லாம் காது கொடுத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்தக் கிடங்கு. கடல் தாண்டி வரும் சைக்கிள்கள் பாதி பூட்டியும் பாதி பூட்டாமலும் அட்டைப்பெட்டிகளில் அங்கே வந்து இறங்கும். ஹேண்டில் பாரைத் திருப்பி, பெடலைக் காகிதத்தில் சுற்றி, முன்சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். டயரில் மட்டும் பாதிக் காற்று இருக்கும். காற்றே இல்லாமல் அனுப்பினால் கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் ரிம் ட்யூபைக் கடித்துவிடும். மற்ற இறக்குமதிக்காரர்கள் அந்தப் பாதிக் காற்றின் மேலேயே மீதியை அடித்து விற்றுவிடுவார்கள். இந்தக் கிடங்கின் முதலாளி மட்டும், வந்த காற்றை முழுசாக இறக்கிவிட்டு உள்ளூர்க் காற்றை அடிக்கச் சொல்வார். அந்நியக் காற்று நம் வெயிலுக்குத் தாங்காது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வெடிக்கும் என்பது அவர் கட்சி. ஒருமுறை ஒன்று வெடித்து, கையிலிருந்த டீ முழுக்க அவர் சட்டையில் கொட்டியிருந்தது. அன்று பிடித்த பிடிவாதம். ஊரில் இருந்த மற்ற வியாபாரிகள் அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இங்கே எழுத எதுவுமே இருந்திருக்காது.

காற்றை இறக்குகிற வேலையும் பூட்டுகிற வேலையும் ஃபிட்டரக்காவுடையவை. ஒரு சைக்கிளை இருபத்திரண்டு நிமிடத்தில் பூட்டி நிறுத்துவாள். அவள் இறுக்கிய நட்டை அவளே வந்தால்தான் கழற்ற முடியும் என்பார்கள். மழை என்று டயர் சொன்ன அன்று அவள் தலையை நிமிர்த்தவில்லை. நாற்பத்து மூன்றாம் பெட்டியின் முன்சக்கர வால்வைத் திருகியபோது, காற்று சீறிக்கொண்டு வருவதற்கு முன்னால் ஒரு செருமல் வந்தது. தொண்டையில் ஏதோ அடைத்ததுபோலச் சின்னதாக ஒன்று, பிறகு இன்னொன்று, அதன்பின் "சாப்பிட்டாச்சு" என்ற ஒரு சொல். ஸ்பேனர் அவள் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலி மறுநாள்தான் தெரிந்தது. அது அவள் வீட்டுக்காரருடைய செருமல்.

அவர் கடல் தாண்டிப் போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. எந்தத் தொழிற்சாலை, என்ன வேலை, எதுவும் வீட்டில் தெரியாது. மாதம் தவறாமல் பணம் வரும். அதோடு ஒரு வரி வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர். கல்யாணமான முதல் வருடத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது. கிளம்பிய அன்று காலை அவள் கோபத்தில் இருந்தாள். போக வேண்டாம் என்று ஒரு மாதமாகக் கெஞ்சி, அழுது, கடைசியில் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "போறேன்" என்றார். யாராவது அப்படிச் சொல்வார்களா? பக்கத்துக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூடப் போயிட்டு வர்றேன் என்றுதானே சொல்வான்? அவளாவது திருத்தியிருக்கலாம். போயிட்டு வாங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு முழுசாகச் சொல்லியிருப்பார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தைத் திரும்பவும் துலக்கிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சொல் பாக்கி நின்றுவிட்டது. வர்றேன் என்று சொல்லாமல் போனவர் எப்படி வருவார் என்ற பயம் அன்று அவளைப் பிடித்தது, பிடித்தது விடவேயில்லை.

அவரோடு பிறந்த அக்காள், அதாவது ஃபிட்டரக்காவின் நாத்தனார், அதே வீட்டில்தான் இருந்தாள். தையல் வேலை, நாக்கு ஊசியைவிடக் கூர். தம்பி டயரில் பேசுகிறான் என்று கேட்டதும் முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவளிடம் முப்பது வருடத்தில் நாலு வார்த்தை பேசாதவன் ரப்பரிடம் பேசுகிறானா என்று அன்று முழுக்கப் புலம்பினாள். ஆனாலும் மறுநாள் மாலை வாசலில் நின்று, இன்றைக்கு என்ன சொன்னான் என்று முதலில் கேட்டவள் அவள்தான். ஃபிட்டரக்கா வந்த சொற்களை அட்டைப்பெட்டியின் மடிப்புகளில் எழுதிக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒரு டயருக்கு ஒரு சொல், மிஞ்சிப்போனால் மூன்று. பெட்டிகள் கப்பலில் மாறி மாறி அடுக்கப்படுவதால் சொற்கள் வரிசையாக வருவதில்லை. இரண்டு பேரும் தரையில் அட்டைகளைப் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். பல்லு, பிடுங்கினேன், வலது பக்கம். சூப்பர்வைசர், நல்லவன், இல்ல. கண்ணு மூடினா, வீட்டு, குழாய்ச் சத்தம். இந்தக் கடைசியைச் சேர்த்து வைத்த அன்று நாத்தனார் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் அழுவதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்பது அவள் கொள்கை.

முதலாளி நியாயமானவர்தான், ஆனால் சரக்கு என்றால் சரக்கு மட்டும் வர வேண்டும் என்கிறவர். உங்கள் டயர்கள் பேசுகின்றன, ஏன் என்று ஏற்றுமதி செய்த தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் காற்று எல்லாத் தரச் சோதனைகளிலும் தேறியது என்றும், டயர் பிரிவில் காற்றடிப்பவர் உங்கள் நாட்டுக்காரர் என்றும், மற்ற நேரத்தில் அவர் வாயே திறப்பதில்லை என்றும், பம்ப் குழாய்க்கு மட்டும் ஏதோ சொல்கிறார் என்றும் அதில் இருந்தது. தேவையானால் அவரைக் கண்டித்து நிறுத்துகிறோம் என்று கீழே ஒரு வரி. ஃபிட்டரக்கா அதைக் கேட்டதும் முதலாளியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு, காற்றைப் பற்றி எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஏதாவது சொல்லணுமா, இதிலேயே சேர்த்துடலாம் என்றும் கேட்டார்.

"வேணாம் முதலாளி," என்றாள். "நான் கேட்டு அவர் சொன்னா, அது சொன்னதாயிடுமா?"

அன்றிலிருந்து அவள் காத்திருந்தது, பாக்கி நின்ற அந்த ஒரே ஒரு சொல்லுக்காக. வால்வைத் திருகும்போதெல்லாம், இதில் இருக்கும், இதில் இருக்கும் என்று மனது அடித்துக்கொள்ளும். மழை இருந்தது, குளிர் இருந்தது, சோறு இருந்தது, கால்வலி இருந்தது. அந்தச் சொல் மட்டும் இல்லை. அப்போதுதான் ஒரு கணக்கு அவள் தலையில் இடியாக இறங்கியது. நாட்டுக்குள் வரும் சைக்கிள்களில் நூற்றுக்குப் பதினொன்றுதான் இந்தக் கிடங்கு வழியாகப் போகிறது. மீதி எண்பத்தொன்பதும் மற்ற இறக்குமதிக்காரர்கள் கையில், அதாவது அவருடைய பேச்சில் முக்கால்வாசிக்கு மேல் யார் யாருடைய கால்களுக்குக் கீழேயோ உருண்டுகொண்டிருந்தது. தெருவில் யாருக்காவது பஞ்சர் ஆனால் அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஒரு தபால்காரரின் பின்சக்கரம் "கைலி காயல" என்றது. ஒரு வாத்தியாரம்மாவின் டயர் வெறுமனே செருமிவிட்டு அடங்கியது. தூரத்து ஊர்களில், சரக்கு ரயில் கடக்கக் காத்திருக்கும்போது சில சைக்கிள்கள் பெருமூச்சு விடுவதாகவும், ஏறியிருந்தவர்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு போனதாகவும் கேள்வி.

இந்த நேரத்தில்தான் அறிக்கைக்காரர் வந்து சேர்ந்தார். கடலுக்கு அப்பால் இருக்கும் தொழிற்சாலைகளுக்காக, நம் நாட்டின் சைக்கிள் சந்தையையும் அதில் வெளிநாட்டு ஏற்றுமதியாளர்களுக்கு உள்ள வாய்ப்புகளையும் பற்றி அறிக்கை எழுதுவது அவர் உத்தியோகம். ஒல்லியான ஆள், காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். கேட்டதைக் கேட்டபடி எழுதுவார், ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதில் அவருக்கு ஒரு கர்வம். முதலாளிகளை அவர் நம்புவதில்லை. விற்கிறவன் ஒன்றைப் பத்தாகச் சொல்வான் என்பார். கையில் கிரீஸ் இருக்கிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். ஆகவே நேராக ஃபிட்டரக்காவிடம் வந்து, இந்த நாட்டில் ஒரு வீட்டுக்கு எத்தனை சைக்கிள் தேவைப்படும் என்று கேட்டார்.

உண்மையில் ஒன்று. சில வீடுகளில் அதுவும் இல்லை. ஃபிட்டரக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாழ்நாளில் அதுவரை ஒரு நட்டின் அளவைக்கூட அவள் மாற்றிச் சொன்னதில்லை.

"அஞ்சு," என்றாள். "விருந்தாளிக்கு ஒண்ணு தனியா."

அறிக்கைக்காரர் எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டுக்குக்கூட நம்மவர்கள் நடப்பதில்லையா என்று கேட்டதற்கு, நடந்தால் மரியாதைக் குறைவு என்றாள். பழைய சைக்கிளை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்றதற்கு, டயர் தேய்ந்ததும் புதுசு வாங்கிவிடுவார்கள் என்றாள். எல்லாம் அச்சேறிக் கடல் தாண்டியது.

பிறகு நடந்தது ஊரறிந்தது. கப்பல்கள் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வரிசையில் நின்றன. இரண்டு வருடத்தில் நாட்டில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகமாயின. அறிக்கை பொய்த்துப்போகவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. சரக்கு வந்து குவியக் குவிய விலை சரிந்து, ஜனங்கள் அறிக்கையில் எழுதியபடியே மாறினார்கள். அடுத்த வீட்டுக்குப் போக ஒரு சைக்கிள், திரும்பி வர இன்னொன்று. துணி காயப்போட ஒன்று, சண்டை போட்டுக்கொண்ட தம்பதிகள் ஆளுக்கொன்றில் ஏறி எதிரெதிர்த் திசையில் போக இரண்டு. கிடங்கில் ஃபிட்டரக்காவுக்குச் சொற்கள் நாளுக்கு நூறு, நூற்றைம்பது என்று கொட்டின. வீட்டுச் சுவரில் இடமில்லாமல் அட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார்கள். அவர் நாள் முழுக்க என்ன செய்கிறார், எதற்குச் சிரித்தார், எந்தச் செருப்பு அறுந்தது என்பதெல்லாம் இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது. கூட இருந்த காலத்தில் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தது. தேடிய சொல் மட்டும் வரவில்லை. அவளுக்கு அவர்மேல் ஆசை அதிகமாகிவிட்டது; அதை மறைப்பானேன்? இத்தனை பேச்சு உள்ளே வைத்திருந்தாரா என்று அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை.

குவியல் கூரையைத் தொட்டால் யாராவது கேட்கத்தானே செய்வார்கள். உள்ளூர்ச் சைக்கிள் தொழிற்சாலைக்காரர்கள் ஆயிரம் சைக்கிளில் ஊர்வலமாகப் போய் அமைச்சகத்து வாசலில் மணி அடித்தார்கள். மூன்று நாள் விடாமல் அடித்தார்கள். நான்காம் நாள் உத்தரவு வந்தது: வரும் மாதம் முதல் தேதியிலிருந்து பூட்டிய சைக்கிளோ பாதி பூட்டியதோ நாட்டுக்குள் வரக் கூடாது, உதிரிபாகம் மட்டும் வரலாம், ட்யூபை மடித்து, காற்றில்லாமல் அனுப்ப வேண்டும். நாத்தனார் செய்தியைக் கேட்டுவிட்டு, பேராசை பெருநஷ்டம் என்று சும்மாவா சொன்னார்கள் என்று ஆரம்பித்தாள். ஃபிட்டரக்காவின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் எதையும் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

கடைசிக் கப்பலில் இவர்கள் பங்காக முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் வந்தன. ஃபிட்டரக்கா ஒன்பது நாள் பூட்டினாள். முதலாளி தானே பெட்டிகளை உடைத்துக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்து சொற்களையும் எழுதினார். உத்தரவு அங்கேயும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. அந்தச் சரக்கில் அவள் வீட்டுக்காரர் மழையையும் சோற்றையும் பற்றிப் பேசவில்லை. இந்தா பாரு. இனிமே குழாய் இல்ல. உன் மேல தப்பில்ல. பாத்திரம் துலக்குற கை. முந்நூற்றுப் பன்னிரண்டாவது சைக்கிள் பச்சை நிறம். அதன் பின்சக்கர வால்வைத் திருகினாள். செருமல் வந்தது, வழக்கத்தைவிட நீளமாக. "அன்னைக்கு வாசல்ல," என்றது டயர், "பாதிதான் சொன்னேன்."

முன்சக்கரம் மட்டும் மீதி இருந்தது. அவள் விரல் வால்வில் போய் நின்றது. முதலாளி பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கிடங்கில் இருந்த பதினாலு பேரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் விரலை எடுத்தாள். வால்வு மூடியை இறுக்கி மாட்டினாள், சக்கரத்தை ஃபோர்க்கில் பூட்டினாள், பின்சக்கரத்துக்கு மட்டும் காற்றடித்தாள். இந்தச் சைக்கிளைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அதில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "திறந்து பாத்துடேன்டி. இருந்தா சிரிச்சுட்டுப் போறோம், இல்லேன்னா அழுதுட்டுப் போறோம்."

"இல்லேன்னா அதோட முடிஞ்சிடும் அண்ணி," என்றாள் ஃபிட்டரக்கா. "மூடியிருக்குற வரைக்கும் இருக்குன்னே வெச்சுக்கலாம்ல."

நாத்தனார் தையலுக்குத் திரும்பினாள். ஆறு வருடம் ஃபிட்டரக்கா அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். பின்சக்கரத்துக்கு வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டியிருந்தது. முன்சக்கரம் பாதிக் காற்றிலேயே, ஒரு சொட்டுக் குறையாமல் ஓடியது. மேடு பள்ளம் பார்த்து, கல் பார்த்து, கண்ணாடிச் சில்லு பார்த்து ஓட்டுவாள். மூன்றாம் வருடம் பணம் வருவது நின்றது. தொழிற்சாலைக்குப் போட்ட கடிதம், டயர் பிரிவை மூடியாயிற்று என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அன்றைக்கும் அவள் வால்வைத் தொடவில்லை. வேகத்தை மட்டும் இன்னும் குறைத்தாள். நடந்து போகிறவர்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். தூக்கம் வராவிட்டால் கையை நீட்டி டயரை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பாள். கெட்டியாக இருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் முடிந்து நாலாவது மாதம், காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, நாற்சந்தியில் ஒரு லாடத்து ஆணி அந்த முன்சக்கரத்தில் ஏறியது. முதலில் செருமல் கேட்டது. முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள். அத்தனையும் பிரேக் பிடித்து நின்றன, ஒருவரும் மணி அடிக்கவில்லை. ஆறு வருட வெயிலில் கிடந்ததால் குரல் சற்றுக் கரகரத்திருந்தது, மற்றபடி அவருடைய குரலேதான்.

"இந்தா," என்றது டயர். "போயிட்டு வர்றேன்."

ஃபிட்டரக்கா இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க ஒரு கை வேண்டும், இரண்டு கையும் ஹேண்டில் பாரைப் பிடித்திருந்தன. டயர் முழுசாக அடங்குகிற வரைக்கும் பொறுத்து, நடுத்தெருவில், கேட்கிற குரலில், "சரிங்க. போயிட்டு வாங்க" என்றாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். எட்டே கால் ஆகிவிட்டது. முதலாளி பஞ்சர் ஒட்டுகிற டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

அவள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது அறிக்கைக்காரர் உள்ளே வந்தார். தலை நரைத்திருந்தது, பென்சில்கள் அப்படியே இருந்தன. இந்தத் தடை நீடிக்குமா, இந்தச் சந்தைக்குக் கடல் தாண்டி இனிமேல் என்னதான் அனுப்ப முடியும், கையில் கிரீஸ் இருக்கிறவர்கள் சொன்னால்தான் தனக்கு நம்பிக்கை என்றார். ஃபிட்டரக்கா போன தடவை பொய் சொன்னேன் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன், ஒரு எழுத்துக் குறையாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, வர வேண்டிய ஆளின் அடையாளத்தைச் சொல்லி, நாற்சந்தியில் சொன்னதை இன்னொரு முறை சொன்னாள்.

அறிக்கை அந்த வருடக் கடைசியில் அச்சாகிக் கடலுக்கு அப்பால் உள்ள எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வணிகச் சங்கங்களுக்கும் போனது. முழுச் சைக்கிளுக்கு இந்தச் சந்தையில் வாய்ப்பில்லை, செயினுக்கும் பால் பேரிங்குக்கும் ஓரளவு உண்டு என்று இருபது பக்கம். கடைசிப் பக்கத்தில், 'சந்தையின் தேவை' என்ற தலைப்பின் கீழே: "ஒருவர். வயது நாற்பத்தேழு. பேசுவதற்கு முன் செருமுவார். சுங்கவரி கிடையாது. அவருக்கு வீட்டிலிருந்து சொல்லப்படுவது: சரிங்க, போயிட்டு வாங்க."

அறிக்கையின் ஒரு பிரதியை முதலாளி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போனவள், எட்டிப் பார்த்து, எத்தனை பேருக்கு உலை வைக்க என்று கேட்டாள். மூணு பேருக்கு என்றாள் ஃபிட்டரக்கா. அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் சமைக்கிறார்கள். பழைய வழக்கப்படி பாதிக் காற்றில் நிற்கிற அந்தப் பச்சைச் சைக்கிள் வாசல் பக்கம் பார்த்தபடி இருக்கிறது.